காடியில் வெந்த மீன்

பல்தோமேராவின் காடியில் போட்டால் கருங்கல்லும் வெந்துவிடும் என்று காயல்கரை ஊரான சான் ரொமுவால்தோவில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் கிளப்பிவிட்டவளே பல்தோமேராதான். ஆனால் இருபது வருஷமாக ஊரே சொல்லிச் சொல்லி, ஆரம்பித்தது யார் என்பது அவளுக்கே மறந்துபோய்விட்டது. ஊர் கொடுத்த பட்டம்போல அதைத் தலையில் சூடிக்கொண்டு திரிந்தாள்.

காடி என்றால் கரும்புக் காடி. பட்டணத்துக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் விற்கும் வெள்ளை வினிகரைப் பார்த்தால் மேரா காறித் துப்புவாள். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, இடுப்புயர மண்சாடிகளில் ஊற்றி, இலை தழை போட்டு மூடி, ஒரு மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் வைத்தால் செம்பழுப்பாக இறங்குவதுதான் அவள் கணக்கில் காடி. மூக்கருகே கொண்டுபோனாலே கண் கலங்கும். காயலில் வலை போடும் ஒவ்வொரு படகிலும் அவளுடைய காடி ஒரு புட்டி தொங்கும். வலையில் துள்ளும் விரல்நீளப் பாக்சித் மீனைப் பிடித்து, காடியில் ஒரு முக்கு, வாயில் ஒரு போடு. வீட்டில் என்றால் கொஞ்சம் நாகரிகம். இஞ்சி, வெங்காயம், மிளகாய் அரிந்து போட்டு, மீனை முழுசாகக் காடியில் ஊறவிட்டு, அது வெளிறியதும் சோற்றோடு சாப்பிடுவார்கள். கிலாவென் என்று பெயர். குடலை மட்டும் எடுக்கவே மாட்டார்கள். கசப்பு குடலில்தான் இருக்கிறது, கசப்பில்லாத மீனைத் தின்பதற்குப் பஞ்சைத் தின்னலாம் என்பது அந்தப் பக்கத்து இலோகானோ ஜனங்களின் கட்சி.

இப்படிப்பட்டவளுடைய புருஷனின் வயிறுதான் ஒருநாள் பேச ஆரம்பித்தது.

இலுமினாதோவை ஊரில் நாதோ என்பார்கள். பெண்டாட்டிக்கும் சேர்த்துத் தான் ஒருவனே மௌனமாக இருந்தவன். போன வருஷம் புகையிலை அறுவடைச் சமயத்தில் அவன் வயிற்றுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. பக்கத்து வீட்டு சிம்ப்ரோசா, யாரோ சாமான் உருட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். பிறகு பேதி. நாளைக்கு எட்டு, பத்து தடவை, தண்ணீர் தண்ணீராக. தின்றது தின்றபடி போனது. மூன்று மாதத்தில் ஆள் பாதியானான். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, பாதம் மட்டும் வீங்கிக் கிடந்தது. அந்த வருஷம் ஊரில் ஒன்பது பேர் இதே மாதிரி கரைந்து போனார்கள். சிம்ப்ரோசாவின் புருஷன் அதில் ஒருவன்.

ஊர் வைத்தியன் கோரியோ காரணம் கண்டுபிடித்துச் சொன்னான். சிம்ப்ரோசாவின் புருஷன் காயல் ஓரத்து நீபா மரத்தை, அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டானாம். காயலுக்குக் கோபம். ஊர் சேர்ந்து இரண்டு கோழியும் ஒரு பன்றித்தலையும் படையல் வைத்தது. காயல் தின்றதோ, கோரியோ தின்றானோ, வயிறுகள் என்னவோ பேசிக்கொண்டேதான் இருந்தன.

அதற்குப் பிறகுதான் சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து பள்ளிக்கூடத்தின் பின்னறையில் கடை விரித்தார்கள். டாக்டர் தும்லாவ் வாரம் ஒருநாள் வருவார். மிஸ் பெர்பெத்துவா தினமும் இருப்பாள், அவளுடைய நுண்ணோக்கிக் கண்ணாடியோடு. மலைப்பக்கத்துப் பெண். மீன் என்றால் கருவாடு என்று நினைக்கிற ஊர். ஊரார் கொண்டுவந்து கொடுத்த சிரட்டைகளையும் டப்பாக்களையும் முகம் சுளிக்காமல் வாங்கி, உள்ளே இருந்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்து அவர்கள் சொன்னது இதுதான்: புழு. மயிரைவிட மெல்லிசான புழு. மீன் வழியாக உள்ளே போகிறது. மற்றப் புழுக்கள் உள்ளே எத்தனை போனதோ அத்தனைதான் இருக்கும், இது அப்படியில்லை. குடலுக்குள்ளேயே குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, சோற்றில் இருக்கிற சத்து முழுவதும் உடம்பில் ஒட்டாமல் வழித்து வெளியே தள்ளிவிடும். மாத்திரை இருக்கிறது. காலை ஒன்று, மாலை ஒன்று, இருபது நாள். பச்சை மீன் தின்னக்கூடாது. காயலில் வெளிக்குப் போகக்கூடாது, புழுவின் முட்டை தண்ணீரில் கலந்து மீனுக்குப் போய்விடும்.

மேரா அன்றைக்கே கொல்லையில் கக்கூஸ் குழி வெட்டச் சொல்லிவிட்டாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

மாத்திரை விஷயத்திலும் முடியாது. ஊரில் மற்றவர்கள் ஐந்தாம் நாள் வயிறு அடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டு அடுத்த ஊர் மச்சானுக்குக் கொடுத்தனுப்பினார்கள். தேங்காய் வாங்கினால் நாரைக்கூட வீணாக்காத ஜனம், நல்லா இருக்கிற வயிற்றுக்கா மாத்திரையை வீணாக்கும்? மேரா அப்படி இல்லை. சுவரில் தொங்கிய புனிதர் படக் காலண்டரில் நாளுக்கு ஒரு சிலுவை போட்டாள். இருபது நாளும் நாற்பது மாத்திரையும் நாதோவின் தொண்டைக்குள் இறங்கின. ஆள் எழுந்தான். சதை பிடித்தது. படகில் ஏறினான். மேராவின் தலைக்கனம் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், பூண்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, நாதோவின் வயிறு மறுபடியும் கடகடத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாதோ தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

"மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டீங்க," என்றாள் பெர்பெத்துவா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து.

"யாரு? நாங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க, மனாங். உள்ள நாலு புழு மிச்சமிருந்தாப் போதும், மறுபடியும் பெருகிடும்." மனாங் என்றால் அந்தப் பக்கத்தில் அக்கா.

மேரா அக்குளில் இடுக்கி வந்திருந்த காலண்டரை எடுத்து மேஜைமேல் அறைந்தாள். கண்ணாடிச் சில்லுகள் குதித்தன.

"எண்ணுங்க மிஸ். இருபது சிலுவை. ஒவ்வொரு தடவையும் முழுங்கினப்புறம் வாயத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில விரல் விட்டுப் பாத்திருக்கேன். ஒரு தடவை இந்தக் கிழவன் கடிச்சுகூட வெச்சான்."

"தெரியாம பட்டுது," என்றான் நாதோ சன்னமாக.

"நீ சும்மா இரு, கிழவா."

பெர்பெத்துவா சிலுவைகளை எண்ணினாள். பொய் சொல்கிற முகமாக அது தெரியவில்லை. "அப்ப பச்சை மீன் ஏதாவது தின்னாங்களா?"

"பச்சை மீன் தின்ன நாங்க என்ன பூனையா?"

"வெளியில எங்கேயாவது?"

"எங்கையால தவிர வேற யார் கையாலயும் இவர் தின்னறதில்ல. கேட்டுக்கங்க."

நாதோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெர்பெத்துவா அவனைத் தராசில் ஏற்றி இறக்கினாள். நாற்பதுக்கு ஒரு கிலோ குறைவு.

"மறைச்சுப் பேச ஒண்ணுமில்ல, மனாங். இந்தத் தடவையும் மாத்திரை கேக்கும். ஆனா இன்னொரு தடவை வந்துச்சுன்னா தாங்காது. டாக்டர் சொல்லச் சொன்னாரு. மாத்திரை வேலை செய்யறதுக்கும் உடம்புன்னு ஒண்ணு வேணுமே."

மேரா காலண்டரைத் திரும்ப அக்குளில் இடுக்கினாள். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் ஒரே எண்ணம். இருபத்தாறு வருஷம் தின்னவைத்து வளர்த்த உடம்பு, அதை ஒரு மயிரிழைப் புழு தின்பதா? நான் இருக்கும்போதா?

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினாள். மாத்திரை அதுபாட்டுக்கு இருக்கட்டும், உடம்பு தேற வேண்டாமா? காலையில் காயலில் பிடிபட்ட பாக்சித் மீனில் நல்லதாகப் பொறுக்கி, பழைய சாடியிலிருந்து மூன்று வருஷக் காடியை எடுத்து, மதியம் மதியம் கிலாவென் செய்து அவன் முன்னால் வைத்தாள்.

நாதோ ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கி மீனைச் சுட்டுத் தரியா, கிழவி?" என்றான்.

"ஏன், என் காடி கெட்டுப்போச்சா?"

"அதில்ல."

"நாக்கு செத்துப்போச்சா?"

"அதுவுமில்ல."

"அப்ப தின்னு."

தின்றான். இருபத்தாறு வருஷமும் அப்படித்தான்.

எட்டாம் நாள் மதியம் பெர்பெத்துவா மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வந்தாள். நாதோ அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். தட்டில் வெள்ளைச் சோறு, பக்கத்தில் இஞ்சியும் மிளகாயும் தூவிய சின்னச் சின்ன மீன்கள், தலையோடும் வாலோடும்.

"இது என்ன?"

"மீனு. வாங்க மிஸ், உக்காருங்க. மலைக்காரங்க நாக்குக்கு இதெல்லாம் எங்க கிடைச்சிருக்கும்."

பெர்பெத்துவா குனிந்து பார்த்தாள். "வேகவெச்சதா?"

"ஆமா."

"எந்த அடுப்புல?"

"அடுப்பு எதுக்கு? காடியிலதான். பாருங்க, எப்படி வெளுத்திருக்கு. நல்லா வெந்திருக்கு."

அந்தப் பெண் தட்டைத் தூக்கிவிட்டாள். சாப்பிடுகிறவன் முன்னாலிருந்து தட்டைத் தூக்குவது அந்த ஊரில் எப்பேர்ப்பட்ட அவமரியாதை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் தூக்கினாள்.

"மனாங், இது பச்சை மீன்!"

"கீழ வைடி தட்டை!" மிஸ் போய் டி வந்துவிட்டது. "யாரு வீட்டுல வந்து யாரு காடியைப் பத்திப் பேசறே? கருங்கல்லப் போட்டா வெந்துரும், தெரியுமா?"

"நிறம்தான் மாறும். புழு சாகாது."

"பாத்தியா நீ?"

பெர்பெத்துவா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்ததுதான்.

"பாக்கலையில்ல? அப்ப பாத்துரலாம்," என்றாள் மேரா. கோபம் போய் அவள் முகத்தில் இப்போது தெம்பு வந்திருந்தது. "உன் புழுவக் கொண்டா. என் காடியில போடு. செத்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல, ஊரு பாக்க, நீ ஒரு தட்டு கிலாவென் தின்னணும்."

"சாகலைன்னா?"

"சாகும்."

"சாகலைன்னா, மனாங்?"

"சாகலைன்னா..." அவளுக்கு அப்படி ஒன்றை யோசித்துப் பழக்கமில்லை. "அதே கோயில் வாசல்ல நான் என் வாயாலயே சொல்றேன், போதுமா?"

"போதும். அதுவரைக்கும் இவருக்குச் சுட்ட மீன்தான். சம்மதமா?"

நாதோ அவசரமாகத் தலையாட்டினான். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பந்தயம் கட்டியாயிற்று, புழுவுக்கு எங்கே போவது? ஆளின் வயிற்றில் இருப்பது மாத்திரைக்குச் செத்துக்கொண்டிருந்தது. மீனுக்குள் இருக்கிற குஞ்சைத்தான் தேட வேண்டும். நூறு மீனில் ஒன்றில் இருந்தால் அதிர்ஷ்டம் என்றாள் பெர்பெத்துவா. மேரா ஒரு கூடை மீனோடு பள்ளிக்கூடப் பின்னறையில் போய் உட்கார்ந்தாள். ஜென்மத்தில் முதல் தடவையாகப் பாக்சித் மீனின் குடலை உருவினாள்.

"கசப்பெல்லாம் போச்சு. பாவம் பிடிக்கும்," என்று ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புலம்பல்.

ஆனால் கை நிற்கவில்லை. நகத்தால் ஒரு கீறு, ஒரு இழுப்பு, குடல் கண்ணாடித் தட்டில். பெர்பெத்துவா ஒன்று பார்ப்பதற்குள் இவள் நாலு உருவிவிடுவாள். முதல்நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. "புழுவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்று மேரா கிளம்பப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியத்துக்குமேல் பெர்பெத்துவா கண்ணாடியில் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"மனாங். வாங்க."

மேரா கண்ணாடிக் குழலில் முதலில் மூடவேண்டிய கண்ணைத் திறந்துகொண்டு, திறக்கவேண்டியதை மூடிக்கொண்டு, "இருட்டாயிருக்கு" என்றாள். பிறகு சரிப்பட்டது. வெள்ளை வட்டத்துக்குள் ஒரு நூல். நூல் சுருண்டது, நிமிர்ந்தது, மறுபடி சுருண்டது.

"இத்துனூண்டு! இதுவா எங்கிழவனை அப்படி ஆக்குச்சு?"

"இது தனியா இல்ல. இதோட பேரன் பேத்தி ஆயிரக்கணக்குல."

மேரா நிமிர்ந்தாள். மடியிலிருந்து புட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். அறை முழுக்கப் புளிப்பு வாடை அடித்தது. "மூணு வருஷச் சரக்கு. ஊத்து."

"நீங்க மீனை எவ்வளவு நேரம் ஊறவைப்பீங்க?"

"ஒரு செபமாலை சொல்ற நேரம்." இதில் அவள் ஏமாற்றவில்லை. நாளெல்லாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பெர்பெத்துவா புழுவைச் சின்னக் குழித்தட்டுக்கு மாற்றிக் காடியை ஊற்றினாள். மேரா மணிமாலையை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் செபம் குதிரை ஓட்டம். அன்றைக்கு ஒவ்வொரு மணியையும் நிதானமாக உருட்டினாள். முடித்து, சிலுவை போட்டு, வந்து குனிந்தாள்.

நூல் நெளிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கி வேகமாச் சொல்லிட்டேன் போலிருக்கு," என்றாள். திரும்பப் போய் இன்னொரு மாலை சொன்னாள். வந்து பார்த்தாள். நெளிந்தது. மூன்றாவது மாலையின் நடுவில் அவள் உதடு நின்றுவிட்டது. அது கடவுளிடம் கேட்கிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. எழுந்து வந்து கடைசியாக ஒருமுறை பார்த்தாள். மூன்று வருஷக் காடிக்குள், தண்ணீரில் குளிக்கிற பிள்ளைபோல, அந்தச் சனியன் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது.

தன் காடிப் புட்டியை எடுத்துச் சந்தேகமாக முகர்ந்து பார்த்தாள். சான் ரொமுவால்தோவில் அது அதுவரை நடந்திராத காரியம்.

"அடிங்," என்றாள் கடைசியில். அந்த ஊரில் அடிங் என்றால் தங்கச்சி, பெர்பெத்துவாவை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "அப்ப எதுதான் இதைக் கொல்லும்?"

"நெருப்பு, மனாங். நல்லா கொதிச்சா செத்துரும். என்மேலயும் தப்பு இருக்கு. பச்சை மீன், பச்சை மீன்னு ஊரெல்லாம் கத்தினேன். உங்களுக்கு எது பச்சைன்னு ஒருத்தரைக்கூடக் கேக்கல."

மேரா வீட்டுக்குப் போனாள். நாதோ வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"கிழவா, புழு சாகல. என் காடியில நீந்துது. உனக்கு அதை ஊட்டினது நாந்தான். முதல் தடவையும் நாந்தான், ரெண்டாவது தடவையும் நாந்தான்."

நாதோ முடிச்சை இறுக்கினான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"டாக்டர் அப்பவே சொன்னாரு. முதல் தடவை மாத்திரை தின்னேனே, அப்ப. கிலாவெனும் பச்சை மீன்தான், புளிப்பு புழுவைக் கொல்லாது, வீட்டுல சொல்லிருன்னாரு."

மேரா அவனையே பார்த்தாள். "அப்புறம் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? உங்கிட்டயா?" அவன் சிரித்தான். ஒட்டிய கன்னத்தில் அந்தச் சிரிப்பு பார்க்கச் சகிக்கவில்லை. "உங்கக்கா ஒருநாள் புளிப்பு கம்மின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. ஆறு வருஷமாச்சு, அவ வீட்டு வாசப்படி மிதிச்சியா நீ? உன் காடியைக் குறை சொல்லிட்டு உன்கூட இருக்கறதுக்குப் புழுவோட இருக்கறது மேல்னு தோணிச்சு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் மேராவுக்கு அது வயிற்றில் போய் இறங்கியது. செத்தாலும் சாவோமே தவிர இவளிடம் வாய் திறக்க வேண்டாம் என்று ஒரு மனுஷன் இருந்திருக்கிறான். தான் ஊட்டியதைத் தெரிந்தே விழுங்கியிருக்கிறான். புழுவாவது உள்ளே இருந்து தின்றது. தான் வெளியே உட்கார்ந்து, தின்னு தின்னு என்று அதட்டியிருக்கிறோம். அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அவன் தோளில் நாலு அடி அடித்தாள். அதற்குமேல் அடிக்க அங்கே சதை இல்லாததால் நிறுத்தினாள்.

"இனிமே எது தோணினாலும் சொல்லு. மூஞ்சிக்கு நேரா சொல்லு," என்றாள் மூக்கைச் சிந்தி.

"சரி."

"சொல்லுவியா?"

"முதல்ல அடிக்கறதை நிறுத்து."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது மேரா கோயில் படியில் நின்றாள். விடியற்காலையிலேயே கரைக்குப் போய், படகுகளில் தொங்கிய தன் புட்டிகளையெல்லாம் அவிழ்த்துக் கூடையில் போட்டு வந்திருந்தாள். மற்றவர்களாக இருந்தால் குரல் இறங்கியிருக்கும். இவள் மீன் விற்கிற குரலிலேயே சொன்னாள்.

"என் காடியில கல்லும் வேகும்னு சொன்னவ நாந்தான். பொய். ஒரு புழுகூட வேகல. ரெண்டரை செபமாலை சொன்னேன், உள்ள நீச்சலடிக்குது. எங்கண்ணால பாத்தேன். நம்ப முடியாதவன் பின்னறையில போய்ப் பாத்துக்க. காடியில ஊறின மீனும் பச்சை மீன்தான். அதுதான் நம்ம வயித்தைத் தின்னுது."

"அப்ப இனிமே படகுல அடுப்பு மூட்டிக்கிட்டுப் போகணுமா, மனாங்?" என்றான் போலிகார்ப்பியோ. நாதோவோடு வலை போடுகிறவன். கூட்டம் சிரித்தது.

"மூட்டிக்க. இல்லைன்னா வீடு வர்ற வரைக்கும் வாயை மூடிக்க. அதுவும் முடியலைன்னா சவப்பெட்டிக்குச் சொல்லி வெச்சிரு, பலகை விலை ஏறிட்டு வருது."

சிரிப்பு அடங்கியபோது சிம்ப்ரோசா முன்னால் வந்தாள். புருஷன் போனதிலிருந்து கறுப்பிலேயே இருந்தாள்.

"மேரா," என்றாள், "அப்ப அவரு அந்த நீபா மரத்தை வெட்டினதுனால இல்லையா?"

"மரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடி. அவரு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல. பசிச்சுது, மீன் தின்னாரு. அவ்வளவுதான்."

அவன் தின்றதும் தன் காடியில்தான் என்பது மேராவுக்கு நினைவிருந்தது. சிம்ப்ரோசாவுக்கும் இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. மேராவின் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். சிம்ப்ரோசாவின் புருஷனால்தான் காயல் கோபித்துக்கொண்டது, அவனால்தான் ஊருக்கே வியாதி வந்தது என்று பேசியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோரியோ அன்று பூசைக்கே வரவில்லை.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, மேராவுக்கு மீசையும் இல்லை, மண்ணும் நன்றாக ஒட்டியிருந்தது. ஆனால் அவள் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்த வேகம் இருக்கிறதே! மறுநாளிலிருந்து காடி வாங்க வருகிறவர்களிடம் ஒரு நிபந்தனை. "அடுப்புல வெக்கறவளுக்குத்தான் காடி. ஊறவெக்கறவ வேற கடை பாத்துக்க." மீனைக் காடியிலேயே போட்டு, பூண்டும் இஞ்சியும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவைக்கிற பக்சிவ் எல்லார் வீட்டுக்கும் பழக்கம்தான். குடலோடேயே கொதிக்கட்டும், கசப்பும் போகாது, புழுவும் பிழைக்காது. சந்தேகமான வீடுகளில் அடுப்படி வரை போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அதோடு மாத்திரை டப்பாவையும் சோதித்தாள். ஏழாம் நாளிலேயே நிறுத்திவிட்டிருந்த போலிகார்ப்பியோவின் நாக்குக்கு அடியிலும் அவள் விரல் போனது. அவனும் கடித்தான்.

நாதோவுக்கு இருபது நாள் முடிந்தது. சிலுவைகள் முடிந்தன. ஆனால் மேரா காலண்டரைக் கழற்றவில்லை. போன தடவை நான்காம் மாதத்தில்தானே வயிறு பேசியது? ஒவ்வொரு காலையும் அவன் எழுமுன் அவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். அவன் தூங்குவதுபோலவே படுத்திருப்பான். நான்காம் மாதம் வந்தது, போனது. ஐந்தாம் மாதம் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளே பின்னறைக்கு நடந்தாள்.

பெர்பெத்துவா வெகுநேரம் சில்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, மனாங்."

"தள்ளு. நான் பாக்கறேன்."

இந்தத் தடவை சரியான கண்ணையே மூடினாள். வெள்ளை வட்டம். அதில் தூசி, துணுக்கு. நெளிவது எதுவும் இல்லை. ஒன்றுமில்லாததைப் பார்த்து ஒருத்தி அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு நின்றதை பெர்பெத்துவா அதற்குமுன் பார்த்ததில்லை.

அன்று மதியம் அவளையும் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். நாதோ கரையிலிருந்து வந்து உட்கார்ந்தான். தராசில் ஐம்பத்திரண்டு கிலோ, கன்னம் நிரம்பியிருந்தது. மேரா ஆவி பறக்கப் பக்சிவை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் ஒரு மீனைச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"கிழவி."

"என்ன?"

"காடி கொஞ்சம் தூக்கல்."

பெர்பெத்துவாவின் கை சோற்றிலேயே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த சிம்ப்ரோசா துணியை அப்படியே பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டுக் காடியைப் பற்றி அவன் ஒரு குறையும் சொன்னதில்லை.

மேரா அவன் தட்டை எடுத்தாள். மீனைத் திரும்பச் சட்டியில் கவிழ்த்தாள். ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றி, குனிந்து அடுப்பை ஊதினாள். புகையினால்தானோ என்னவோ, அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இரு," என்றாள். "இன்னொரு கொதி விட்டுத் தரேன்."